அன்னாள் தைத்த மேலாடை

தாடிக்கொம்பைத் தாண்டி, குடகனாற்றின் கரையோடு வடக்கே நடந்தால் அருளப்பன்பட்டி வரும். வெங்காயமும் கனகாம்பரமும் போட்ட தோட்டங்கள், கமலைக் கிணறுகள், நடுவில் வெள்ளையடித்த மாதா கோயில். ஊரில் பாதி வேதக்கார வீடுகள். மீதிப் பாதியும் அவர்களுக்கு மாமன் மச்சான் முறைதான். ஆடிக் கடைசியில், ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, மாதா திருவிழா. சுதந்திரம் வந்த பிறகு அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். சாயங்காலம் சப்பரம் கிளம்பும்.

திருவிழாவில் ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. வாணவேட்டு ஒரு வீட்டுக்கு, பந்தல் ஒரு தெருவுக்கு. மாதா சுரூபத்துக்குப் போர்த்துகிற நீல மேலாடை அன்னாள் வீட்டுக்கு. கடையில் வாங்கிப் போர்த்தக் கூடாது. அந்த வீட்டுப் பெண் தன் கையால் பூவேலை செய்து கொடுக்க வேண்டும். வருசா வருசம் புதுசு. பழையதைத் துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கும் கொடுத்துவிடுவார்கள். அன்னாளின் மாமியாருக்கு மாமியார் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியிடம் கற்றுக்கொண்ட வேலை இது என்று சொல்வார்கள். கன்னியாஸ்திரி கொடுத்த மாதிரித் தாள் இன்னும் இருந்தது. கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்ட தடித்த தாள். அதைத் துணிமேல் விரித்துக் கரித்தூளைத் துணிமூட்டையால் ஒற்றினால் துணியில் புள்ளிப் புள்ளியாகக் கதிரும் குலையும் விழும். கோதுமைக் கதிர், திராட்சைக் குலை. அருளப்பன்பட்டியில் யாரும் கோதுமை விளைந்து பார்த்ததில்லை. பூசையில் கொடுக்கும் அப்பம் அதில்தான் செய்கிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

அன்னாள் புருசனைச் சீக்கிரமே இழந்தவள். மூத்தவள் புஷ்பமேரியைத் திண்டுக்கல்லில் வாத்தியார் வேலை பார்க்கும் பாக்கியராஜுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். இளையவன் சூசை ஒன்றரைக் குறுக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தாயோடு இருந்தான். எரியோட்டுச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன இடத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவள் பெயர் மாயக்காள். தகப்பன் இல்லாத வீடு. மழை பொய்த்திருந்த வருசம். வேதத்தில் சேர்ந்துகொள்ளட்டும் என்று அவளுடைய தாயும் சம்மதித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் ஞானஸ்நானம் கொடுத்து, பங்குச்சாமியார் அவளுக்கு வியாகுலம்மாள் என்று பெயர் வைத்தார். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஊருக்கு அவள் எரியோட்டுக்காரிதான். ஒருமுறை பீடத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது, முந்தாநாள் தண்ணி ஊத்தின பிள்ளைக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு என்று கீழவீட்டு வகையறாப் பெண் ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். கீழவீட்டுக்காரர்களுக்கு மேலாடைப் பாத்தியதையின் மேல் வெகுகாலமாக ஒரு கண்.

ஐம்பத்து மூன்றாம் வருசம் அன்னாளுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். அந்த வருசம் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டாள். மறு வருசம் இலைகளை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொன்னாள். அதற்கடுத்த ஆடியில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீலச் சாட்டின் துணி முழுவதும் அன்னாளுக்கு ஒரே புகையாகத் தெரிந்தது. ஊசியை மருமகள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வியாகுலம்மாள் அதுவரைக்கும் கோணி ஊசியால் சாக்குத் தைத்தவள். ஆனால் விரலில் பலம் இருந்தது, கண்ணில் அளவு இருந்தது. காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆடிக்காற்று புழுதியை வாரி ஓட்டுமேல் கொட்டும். சாட்டினில் ஒரு பொட்டுப் புழுதி ஒட்டினாலும் போகாது. அதனால் அன்னாள் வீட்டில் ஆடி மாதம் கதவு சாத்தியிருப்பதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் வெளிச்சத்தில் மருமகள் தைப்பாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். யாராவது கதவைத் தட்டினால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஊசி அன்னாள் கைக்குப் போகும். வியாகுலம்மாள் முறத்தை எடுத்துக்கொள்வாள்.

வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. புதிதாக வேதத்துக்கு வந்தவள் கையால் மாதாவுக்கு மேலாடையா என்று கீழவீட்டுக்காரர்கள் கேட்டால் பாத்தியதையே போய்விடும் என்று அன்னாள் பயந்தாள். சூசையும் அதைத்தான் சொன்னான். பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாகட்டும், நாலு வருசம் போனால் ஊரே ஏற்றுக்கொள்ளும் என்றான்.

நூலும் சரிகையும் வாங்கத் திண்டுக்கல்லில் அப்துல் ஜப்பார் கடைக்குப் போவார்கள். முதல் வருசம் ஜப்பார் வழக்கம்போல் நூற்கண்டுகளை அன்னாள் முன்னால் பரப்பினார். அன்னாள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதுபோல் கையை ஓட்டினாள். வேண்டியது வந்தபோது மருமகள் அவள் முழங்கையை லேசாகத் தொட்டாள். ஜப்பார் அதைக் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறு வருசம் போனபோது அன்னாளுக்கு ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நூற்கண்டுகளை வியாகுலம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்படித் தைத்த ஒரு மத்தியானத்தில் அன்னாள், முடிந்த பகுதியை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"ஏத்தா, இது என்ன கதிரு?"

"கோதுமதான் அத்தை."

"கோதுமைக்கு மீச உண்டே. இது மொழுமொழுன்னு கம்பங்கதிரு மாதிரியில்ல இருக்கு."

வியாகுலம்மாள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். எரியோட்டில் அவர்கள் வீட்டுக் காடு மானாவாரி. கம்பைத் தவிர வேறு விளையாது. பால் பிடிக்கிற பருவத்தில் தகரத் தட்டைத் தட்டிக் குருவி விரட்டிய காடு அது. துளைப்புள்ளிகளின் மேல்தான் ஊசியை ஓட்டினாள். ஆனால் ஓட ஓடக் கதிர் பருத்து, மணி நெருங்கி, தலை சற்றே சாய்ந்துவிட்டது.

"நான் கோதும கண்டதில்ல அத்தை. ஊசியப் பிடிச்சா கைக்கு வாரது இதான். பிரிச்சிரவா?"

அன்னாள் மறுபடியும் அடியிலிருந்து நுனிவரை தடவினாள்.

"வேணாம், இருக்கட்டும். நானும்தான் கண்டதில்ல. மாதாவும் நம்மூருக்கு வந்து எம்புட்டுக் காலமாச்சு, கம்பு தின்னு பழகியிருப்பா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருசம் சப்பரத்தில் காற்றுக்கு மேலாடை அசைந்தபோது, கதிரெல்லாம் வயக்காட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று ஊர்ப்பெண்கள் பேசிக்கொண்டார்கள். வயசாக ஆக அன்னாளுக்குக் கை கூடிக்கொண்டே போகிறது என்றார்கள். நாட்டாமை சந்தியாகு, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் அன்னாளுக்கு மாலை போட்டார். அன்னாள் மாலையைப் பிடித்துக்கொண்டு, மருமகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் முகத்தை இங்கும் அங்கும் திருப்பினாள். பிறகு, எல்லாம் மாதா கொடுத்த கண்ணு என்று சொன்னாள். வியாகுலம்மாள் பின்வரிசையில், இடுப்பில் தண்ணீர்க்குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அன்னாள் மாலையைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள்.

"அடுத்த வருசம் சொல்லிருவோம்த்தா" என்றாள்.

அடுத்த வருசமும் அதையே சொன்னாள். உண்மையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஆடியிலும் நினைத்தாள். ஆனால் மாலை கழுத்தில் விழும்போது வாய் வராது. கண்ணும் போய், காட்டு வேலையும் செய்ய முடியாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு வருசத்தில் ஒருநாள் ஊர் மரியாதை கிடைத்தது. அதை விட மனசு வரவில்லை. வியாகுலம்மாளுக்கு அது புரிந்திருந்தது. புரிந்ததால்தான் நெருக்கிக் கேட்கவில்லை.

புஷ்பமேரி திருவிழாவுக்கு முதல் நாள் பிள்ளைகளோடு பஸ்ஸில் வருவாள். அம்மா மடியில் ஊசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால், தூரத்தில் இருப்பதுதான் தெரியவில்லை, கிட்டத்தில் தெரிகிறது என்பாள் அன்னாள். மகளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் டவுனில் நாலு பேரிடம் பேசிவிடுவாள் என்ற பயம். புஷ்பமேரி பொல்லாதவள் இல்லை. டவுனில் தையல் மெஷின் வாங்கிப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், மெஷினிலேயே பூவேலை செய்யவும் கற்றிருந்தாள். சிறுவயதில் தம்பி சூசையை இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தவள். அவனுக்கு அக்கா வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது.

அறுபத்தொன்றாம் வருசம் தவக்காலத்தில் அன்னாள் படுத்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டி, சாப்பாடு இறங்கவில்லை. புஷ்பமேரி வந்து தங்கினாள். பங்குச்சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது அவர் வாசலில் நின்று வியாகுலம்மாளை ஒரு நிமிசம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாட்டாமையை அழைத்து வரச் சொன்னாள் அன்னாள். சந்தியாகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விவரம் கேட்க வந்தவர்கள் நடைவரை நின்றார்கள். அதில் கீழவீட்டுக்காரர்களும் இருந்தார்கள். வியாகுலம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு தலைமாட்டில் நின்றாள். அன்னாள் நாட்டாமையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் ஊசி தொட்டு வருசக்கணக்காச்சு. எனக்குக் கண்ணு தெரியல. மாதாவுக்குப் போத்துனதெல்லாம் எம் மருமக தச்சது. மால மட்டுந்தான் நான் வாங்கிக்கிட்டேன். இனிமே பாத்தியதை அவளுக்குத்தான். நீங்க ஊருக்குச் சொல்லிருங்க."

இவ்வளவையும் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா என்னென்னமோ பேசுகிறதே, நேற்று என்னையே அடையாளம் தெரியவில்லையே என்றாள். அதுவும் பொய்யில்லை. காய்ச்சல் ஏறிய நேரத்தில் அன்னாள் ஆள் மாற்றிப் பேசியிருந்தாள். நாட்டாமை தலை நிமிர்ந்து, கதவோரம் நின்ற சூசையைப் பார்த்தார்.

"என்னப்பா சூசை, அம்மா சொல்றது நெசமா?"

சூசைக்கு எல்லாம் தெரியும். சட்டத்துக்கு ஆணி அடித்துக் கொடுத்தவன் அவன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போனவனும் அவன்தான். அக்கா அழுதுகொண்டிருந்தாள். வாசலில் கீழவீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆமாம் என்றால் இத்தனை வருசமும் மாதாவையும் ஊரையும் ஏமாற்றிய வீடு என்று ஆகிவிடும். சாகக் கிடக்கிற அம்மாவைப் பொய்க்காரி என்பார்கள். இதெல்லாம் அவன் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டதோ, அப்போதே நினைத்ததோ, அவனுக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலு நாளா இப்பிடித்தான் மாமா. நெனவு தப்பிப் பேசுறாக."

நாட்டாமை அன்னாளின் கையைத் தட்டிக்கொடுத்து, ஆகட்டும் தாயி, அப்படியே செஞ்சிருவோம் என்று சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி சொன்னார். அன்னாள் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வியாகுலம்மாள் புருசனைப் பார்க்கவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். அன்னாள் அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. அடுத்த நாள் மத்தியானம் உயிர் போய்விட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஊர் கூடியபோது பாத்தியதைப் பேச்சு வந்தது. அன்னாளே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான், அவளுக்கு முந்தியவளும் அப்படித்தான். யாரும் அதை எடுத்துப் பேசவில்லை. அம்மா கை மகளுக்கு இருக்கும், புஷ்பமேரி செய்யட்டும் என்று நாட்டாமை முடித்தார். வீட்டுப் பெயர் நிலைத்ததே என்று சூசைக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. வியாகுலம்மாள் சட்டத்தைத் துடைத்து, மாதிரித் தாளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, மீதமிருந்த சரிகையோடு நாத்தனாரிடம் கொடுத்தாள்.

அந்த ஆடியில் புஷ்பமேரி கொண்டுவந்த மேலாடையை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மெஷின் தையல், வரிசை தப்பாத கதிர்கள், ஒவ்வொன்றுக்கும் நீட்டு நீட்டாக மீசை. கோயில் வாசலில் புஷ்பமேரி தம்பி மனைவியைப் பக்கத்தில் இழுத்துப் பிரியமாகக் காட்டினாள்.

"பாத்தியா, கதிரச் சரி பண்ணிட்டேன். பாவம், அம்மாவுக்குக் கண்ணு மங்குனதுல எல்லாம் கம்பு மாதிரி ஆயிப்போச்சு. யாரும் சொல்லக்கூட இல்ல பாரேன்."

"நல்லாருக்கு மதினி" என்றாள் வியாகுலம்மாள்.

அவள் வீட்டில் ஒரு சண்டை போடவில்லை. சோறு பொங்கினாள், களை எடுத்தாள், பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்பினாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசைக்கு ஒரு வரிசை பின்னால் உட்கார்ந்தாள். ஊசியை மட்டும் எடுக்கவில்லை. பிள்ளைகள் சட்டையில் பொத்தான் போனால் தாடிக்கொம்பு டெய்லரிடம் கொடுத்து வாங்கினாள். வெங்காயச் சாக்குக் கிழிந்தால் கயிற்றால் கட்டினாள். சூசையின் சட்டை தோளில் தையல் விட்டுப்போய் ஒரு வெள்ளாமைக்காலம் முழுவதும் அப்படியே கிடந்தது. அவன் அதைத் தைக்கச் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான், அதோடு போயிருக்கும். எரியோட்டில் அவளுடைய தாய் செத்ததற்குப் போனபோது அங்கே எல்லோரும் அவளை மாயக்கா, மாயக்கா என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். திரும்பி வரும் வழியில் வண்டியில் சூசை, இனி நானும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். பேரில் என்ன இருக்கிறது, மாட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள்.

அறுபத்தைந்தில் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்தார்கள். அதற்குச் சாமான் வாங்கத் திண்டுக்கல் போன சூசையை அப்துல் ஜப்பார் தெருவில் கண்டு கடைக்குக் கூப்பிட்டார். தாடி முழுவதும் நரைத்திருந்தது. அம்மா இறந்ததை விசாரித்துவிட்டு, வீட்டில் அந்தம்மா ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டார்.

"பாய், இப்ப எங்க அக்காதான் மேலாடை தைக்கிறாக" என்றான் சூசை.

ஜப்பார் அவனை உற்றுப் பார்த்தார்.

"அப்ப ஒங்க சம்சாரம் விட்டுட்டாங்களா? தம்பி, முப்பது வருசமா நூல் விக்கிறேன். நீலத்துக்கு மேல எந்தப் பச்ச உக்காரும்னு அந்தம்மா பாத்த மாதிரி யாரும் பாத்ததில்ல. ஏன் விட்டாங்க?"

சூசை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினான். சம்பந்தமில்லாத ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்கவும் செய்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவனுக்கு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததுதான் ஊர்வரைக்கும் கண்ணில் நின்றது. இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நாட்டாமை வீட்டுக்குப் போனான்.

சந்தியாகுவுக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து புகையிலை கிள்ளிக்கொண்டிருந்தார். சூசை சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கண் போனது, கதவைச் சாத்திக்கொண்டு மருமகள் தைத்தது, மாலை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அன்னைக்கு நாந்தான் மாமா பொய் சொன்னேன். அம்மா நல்ல நெனவோடதான் பேசுனாக."

நாட்டாமை புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை.

"நீ பொண்டாட்டிய நெனச்சு வந்திருக்க. நல்லதுதான்ப்பா. ஆனா அன்னாளு போயி நாலு வருசமாச்சு. இன்னும் ஊருல அவ பேரச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் காட்டுறாக. செத்தவள இழுத்து வந்து களவாணின்னு நிறுத்தச் சொல்றியா?"

"நான் சொல்றது நெசம் மாமா."

"இருக்கலாம். அன்னைக்கு ஒன்னு சொன்ன, இன்னைக்கு ஒன்னு சொல்ற. எத ஊருக்குச் சொல்ல?"

அதற்குமேல் அவர் பேச்சை மழைப்பக்கம் திருப்பிவிட்டார். மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டார். சூசை அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தான்.

வியாகுலம்மாள் களத்தில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிவிட்டது. காற்றுக்குச் சருகு பறந்துகொண்டிருந்தது. சூசை அவளுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். நாட்டாமையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவர் சொன்ன பதிலையும் சொன்னான். அவள் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று கத்தைகள் அறுபட்டு விழுந்தன.

"நம்பலயாக்கும்" என்றாள்.

"நம்புனாரா இல்லையான்னு தெரியல. அதப் பேசவே அவருக்கு இஷ்டமில்ல. பங்குச்சாமியார்ட்ட வேணா நாளைக்குப் போயி..."

"வேணாம்."

"நான் சொல்லிட்டேன்ல புள்ள. இப்பவாச்சும் சொல்லிட்டேன்ல."

அவள் கையை நிறுத்தினாள். நாலு வருசத்தில் அவள் இதைப் பேசியது அன்றைக்கு ஒருமுறைதான். அதற்குப் பிறகும் பேசியதில்லை. குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. நாளைக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அன்னைக்கு நாட்டாம ஒங்களத்தான கேட்டாக."

சூசை தலையைக் குனிந்துகொண்டான். அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்து, மடியில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு எழுந்தாள். காலையிலிருந்து சாப்பிடாமல் அலைந்திருப்பீர்கள், கை காலைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவனுக்குச் சோறு எடுத்து வைக்க வீட்டுக்குள் போனாள்.